மாடி வீட்டு கிரைண்டரும் ஸ்டுட்கார்ட் டிக்கெட்டும்: எல்லாரும் கேக்கற கேள்விகள்

போன வருஷம் ஆகஸ்ட்ல ஆபீஸ் வேலையா அஞ்சு மாசம் ஜெர்மனி, ஸ்டுட்கார்ட் பக்கம் போயிட்டு வந்தேன். கிளம்பறதுக்கு முந்தின ஒரு மாசம் நான் சரியாத் தூங்கவே இல்லங்கறது எங்க டீம்ல எல்லாருக்கும் தெரியும், ஏன்னா தினம் காலைல மேல் வீட்டு கிரைண்டரப் பத்தி புலம்பாம நான் லேப்டாப்பே தெறந்ததில்ல. இப்ப அடுத்த செட் கிளம்புது. ஒவ்வொருத்தரா வந்து விசா, பேக்கிங்னு கேட்டுட்டு, கடைசில குரல கொறச்சுக்கிட்டு "அக்கா, எனக்கும் தூக்கமே வரல, பக்கத்து வீட்ல ஒரே சத்தம்"னு ஆரம்பிக்கறாங்க. தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

அப்படி என்னதான் சத்தம் உங்க வீட்ல?

கொரட்டூர்ல மூணு மாடி ஃபிளாட், நாங்க ரெண்டாவது மாடி, நானும் அம்மாவும். மேல ஒரு அக்கா, அவங்க வீட்டுக்காரர், ரெண்டு வாலுப் பசங்க. அக்கா வேலைக்குப் போயிட்டு வீடு வந்து சேரவே எட்டாயிடும், அப்புறம் சமைச்சு, ஹோம்வொர்க் முடிச்சு, பசங்களப் படுக்க வெச்சிட்டு பத்தே முக்காலுக்குத்தான் இட்லி மாவுக்கு கிரைண்டர் போடுவாங்க. டேபிள் டாப்தான், பெரிசில்ல. ஆனா அது நின்ன எடம் எங்க பெட்ரூமுக்கு நேர் மேல. மொதல்ல கரகரன்னு ஒரு உறுமல், அரிசி மசிய மசிய அது அடங்கி ஒரு முனகலா மாறும், அரை மணி நேரம் கழிச்சு நிக்கும், நின்னவுடனே கல்ல எடுத்து கீழ வெக்கற "டொங்". அந்த டொங் விழுந்தாத்தான் அன்னிக்கு ராத்திரி முடிஞ்ச மாதிரி, அதுக்காகவே கண்ண மூடிட்டு காத்துட்டிருப்பேன்.

அது போதாதுன்னு ஆடி மாசம் வேற. தெரு முனையில அம்மன் கோயில், விடிகாலை அஞ்சு மணிக்கே ஸ்பீக்கர். எனக்கு டிக்கெட் போட்டது ஆகஸ்ட் மூணாவது வாரம், அதாவது ஆடி முழுக்க நான் இங்கதான்.

அந்த கிரைண்டர் மூணு வருஷமா ஓடிட்டுத்தானே இருந்துச்சு, இப்ப மட்டும் என்ன?

இது எங்கம்மா கேட்டது. கேட்டப்ப எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல, "உனக்கு காது மந்தம்மா"ன்னு சொல்லிட்டேன், பாவம். அப்புறம் அசோசியேஷன் மீட்டிங்ல காட்டறதுக்காக ஒரு பழைய டைரில தினமும் எழுத ஆரம்பிச்சேன், எத்தன மணிக்கு சத்தம் ஆரம்பிக்குது, எத்தன மணிக்கு நிக்குது, நான் எத்தன மணி வரைக்கும் முழிச்சிட்டிருந்தேன்னு. பதினோரு நாள் எழுதினேன். ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு அத உக்காந்து படிச்சா எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. முக்காவாசி நாள்ல கிரைண்டர் பதினொண்ணு இருபதுக்குள்ள நின்னிருக்கு, நான் மட்டும் ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருக்கேன். ஆடிக் கிருத்திகைக்கு மேல் வீட்ல எல்லாரும் திருத்தணி போயிட்டாங்க, அன்னிக்கு வீடே பூட்டிக் கெடந்துச்சு, சத்தமே இல்ல, அன்னிக்குத்தான் மூணு மணி வரைக்கும் முழிப்பு!

மனசுல பயம் இருந்தா மூளை காவலுக்கு உக்காந்துடும், அவ்ளோதான் விஷயம். சாதாரண நாள்ல காதுல விழுந்தும் கண்டுக்காம விடற சத்தத்த அப்ப ஒண்ணு விடாம எண்ணும். அதுலயும் சத்தம் எப்ப வரும்னு தெரியாம, நம்மளால நிறுத்தவும் முடியாதுன்னா எரிச்சல் இன்னும் ஏறும். ஊர் போற விஷயமும் அப்படித்தானே, அங்க என்ன நடக்கும்னு ஒண்ணும் தெரியாது, கையில ஒண்ணும் இல்ல. ஆனா ஊர்ப் பயம்னு வெளிய சொல்ல கூச்சமா இருந்துச்சு, மாடி வீட்டு அக்காவத் திட்டறது சுலபமா இருந்துச்சு.

அதுக்காக சத்தமே பிரமைனு நான் சொல்ல வரல. பத்தே முக்காலுக்கு கிரைண்டர் போடறது போடறதுதான், அதையும் பேசித்தான் ஆகணும். ரெண்டையும் தனித்தனியா எடுத்துக்கங்க.

மேல் வீட்ல எப்படிப் போய்ப் பேசறது? சண்டையாயிடாதா?

சத்தம் வந்துட்டிருக்கற நேரத்துல மட்டும் போகாதீங்க. நான் மொதல் தடவ ராத்திரி பதினோரு மணிக்கு, தலை விரிகோலமா, மேல ஒரு துப்பட்டாவப் போட்டுக்கிட்டு போய் பெல் அடிச்சேன், அந்த வீட்டு சார் கதவத் தெறந்து என்னமோ ஏதோன்னு பயந்துட்டார், நான் சொல்ல வந்தத விட்டுட்டு "ஒண்ணுமில்ல சார், உங்க வீட்ல தண்ணி வருதா"ன்னு கேட்டுட்டு எறங்கி வந்துட்டேன். அசிங்கம்.

ரெண்டாவது தடவ சனிக்கிழமை சாயந்தரம், அம்மா செஞ்ச கொழுக்கட்டைய ஒரு டப்பாவுல எடுத்துட்டு போனேன். "அக்கா, நான் அடுத்த மாசம் வெளிநாடு போறேன், இப்ப டென்ஷன்ல தூக்கமே இல்ல, கிரைண்டர் சத்தம் எங்க ரூமுக்கு நேரா எறங்குது"ன்னு சொன்னேன். அவங்க மொகத்தப் பாக்கணுமே, "ஐயோ, கீழ கேக்குதா?"ன்னாங்க. மூணு வருஷமா அவங்களுக்கு சத்தியமா தெரியல. அவங்க வீட்ல நின்னு கேட்டா அது அவ்ளோ சத்தமே இல்ல, அதான் வேடிக்கை.

காரணம் என்னன்னா, கிரைண்டர் அதிர்வு மேடை வழியா, தரை வழியா கான்கிரீட்ல எறங்கிடுது, அப்புறம் எங்க சீலிங் மொத்தமும் ஒரு ஸ்பீக்கர் மாதிரி வேல செய்யுது. காத்து வழியா வர்ற சத்தம் இல்ல இது. அதனாலதான் சுவத்துல முட்டை அட்டை ஒட்டறது, பஞ்சு ஷீட் ஒட்டறதெல்லாம் இதுக்கு பிரயோஜனமே இல்ல, காசு தண்டம். சத்தம் பொறக்கற எடத்துலதான் மெத்தை வெக்கணும். அக்கா கிரைண்டர பால்கனி பக்க மேடைக்கு மாத்தினாங்க, அடியில தடி ரப்பர் மேட், அதுக்கும் கீழ பழைய கால்மிதிய மடிச்சுப் போட்டாங்க. பாதிக்கு மேல கொறஞ்சுடுச்சு. பசங்க சேர் இழுக்கற சத்தத்துக்கு நானே ஹார்டுவேர் கடையில ரப்பர் புஷ் ரெண்டு டஜன் வாங்கி, மேல போய் ஒவ்வொரு சேரா கவுத்துப் போட்டு மாட்டினேன், சின்னவன் கூடவே உக்காந்து எண்ணிக் கொடுத்தான். நேரமும் ஒன்பதரைக்கு மாத்திக்கறேன்னாங்க. வாரத்துல நாலு நாள் சொன்னபடி நடந்துச்சு, அஞ்சாவது நாள் நடக்கல, வேலைக்குப் போற பொம்பளைக்கு அதுக்கு மேல என்ன கேக்கறது.

பேசியும் கேக்கலன்னா சட்டம் ஏதாவது இருக்கா?

இருக்கு. 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணிலேர்ந்து காலைல 6 மணி வரைக்கும் ராத்திரி நேரம். குடியிருப்புப் பகுதிக்கு பகல்ல 55 டெசிபல், ராத்திரில 45 டெசிபல்தான் அளவு. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட் சுத்தி 100 மீட்டர் அமைதிப் பகுதி, அங்க இன்னும் கம்மி. ராத்திரில வெட்டவெளியில ஸ்பீக்கர் போடக்கூடாது, திருவிழாவுக்குன்னு மாநில அரசு வருஷத்துக்கு 15 நாளுக்கு மிகாம ராத்திரி 12 வரைக்கும் விலக்கு தரலாம். 2005-ல சுப்ரீம் கோர்ட்டும் இத அழுத்திச் சொல்லிச்சு. பொதுத் தொல்லைக்கு பாரதிய நியாய சன்ஹிதால (பழைய ஐபிசிக்கு பதிலா வந்த குற்றவியல் சட்டம்) 292-வது பிரிவு, அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். அவசரத்துக்கு 112.

ஆனா நெசத்த சொல்லணும்னா, கிளம்ப மூணு வாரம் இருக்கறப்ப ஸ்டேஷன் படி ஏற வேணாம்னுதான் சொல்வேன். ராத்திரி ரெண்டு மணிக்கு டிஜே போடறாங்கன்னா கூப்பிடுங்க, தப்பே இல்ல. இட்லி மாவுக்கு போலீஸ கூப்பிட்டுட்டு நீங்க பிளைட் ஏறிடுவீங்க, அதே மாடிப்படியில தினம் ஏறி எறங்கப் போறது உங்க வீட்டு ஆளுங்கதான்.

போன்ல டெசிபல் காட்டற ஆப் சும்மா ஒரு அந்தாசுக்குத்தான், அத சாட்சியா நீட்டாதீங்க.

கோயில் ஸ்பீக்கருக்கு என்ன பண்ணீங்க?

விதிப்படி பாத்தா அஞ்சு மணிக்குப் போடறது தப்பு, ஆறுக்கு மேலதான் போடணும். நான் கோயில் கமிட்டிகிட்ட போகாம நேரா மைக் செட் அண்ணன்கிட்ட போனேன். கம்பத்துல கட்டியிருந்த நாலு குழாயில ஒண்ணு எங்க பெட்ரூம் ஜன்னலப் பாத்து நின்னுச்சு, "அண்ணா, இத கொஞ்சம் மெயின் ரோடு பக்கம் திருப்புங்கண்ணா, வீட்ல அம்மா வயசானவங்க"ன்னேன். ஏணி போட்டு ஏறி ரெண்டே நிமிஷத்துல திருப்பிட்டார். அஞ்சு மணி அஞ்சு மணிதான், அது மாறல, ஆனா பாட்டு தூரத்துல கேக்கற மாதிரி ஆயிடுச்சு. கூழ் ஊத்தின ஞாயித்துக்கிழமை நானும் தூக்குப்போணி எடுத்துட்டு போய் வரிசையில நின்னேன், வெங்காயம், மொளகா, கருவாடுன்னு பயங்கரமா இருந்துச்சு.

இயர் பிளக் வேலை செய்யுமா?

செய்யும், சரியா வெச்சா. நம்மள்ல பாதிப்பேர் காது ஓரத்துல சொருகிட்டு வேஸ்ட்டுங்கறோம். நுரை மாதிரி இருக்கற மஞ்சள் பிளக்க வெரல்ல உருட்டி குச்சி மாதிரி ஆக்கி, மறு கையத் தலைக்கு மேல கொண்டு வந்து காத மேலயும் பின்னாலயும் இழுத்து, உள்ள விட்டு, அது உப்பற வரைக்கும் அரை நிமிஷம் வெரலால புடிச்சுக்கணும். பேச்சு, டிவி, சேர் சத்தமெல்லாம் நல்லா அமுங்கும். கிரைண்டர் உறுமல், மேளம் மாதிரி அடிச் சத்தம் அவ்ளோ அமுங்காது, அதுக்கு ஃபேன் சத்தம் சேந்தா தேவல. காதுல சீழ், வலி இருந்தா தொடாதீங்க. அலாரம் கேக்காம போயிடும்னு பயமா இருந்தா போன வைப்ரேஷன்ல போட்டு தலகாணி அடியில வெச்சுக்கங்க, நான் அப்படித்தான்.

ராத்திரி முழிப்பு வந்தா படுத்தே கெடக்கலாமா?

வேணாம். ஒரு இருவது நிமிஷம் பாருங்க, வரலன்னா எழுந்து ஹால்ல மங்கலான வெளிச்சத்துல போரடிக்கற ஏதாவது பண்ணிட்டு, கண்ணு சொக்கினதுக்கப்புறம் வந்து படுங்க, இல்லன்னா கட்டில்னாலே முழிச்சிருக்கற எடம்னு உடம்பு பழகிடும். மணி பாக்காதீங்க. நாலு மணிக்கு மேல காபி நிறுத்தினேன், அதுவே பெரிய வித்தியாசம், ஏன்னா குடிச்ச காபியோட வீரியம் பாதியாகவே அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும். சாயந்தரம் ஏழு மணிக்கு ஒரு பேப்பர்ல மனசுல ஓடற பயத்தையெல்லாம் எழுதி, பக்கத்துலயே நாளைக்கு அதுக்கு என்ன பண்ணப்போறோம்னும் எழுதிடுவேன். படுத்தப்புறம் அதே பயம் வந்தா, அத ஏற்கனவே எழுதியாச்சு போன்னு சொல்லிக்கலாம். வீட்ல யாருக்கோ டாக்டர் குடுத்த தூக்க மாத்திரை மிச்சம் இருக்குன்னு எடுத்துப் போட்டுடாதீங்க. வாரக்கணக்குல தூக்கம் இல்ல, நெஞ்சு படபடப்பு இருக்குன்னா டாக்டரப் பாருங்க, ஊர் போறதுக்கு முன்னாடியே.

உண்மையிலயே எதுக்குப் பயந்தீங்க?

அந்தப் பேப்பர்ல எழுதினத சொல்றேன், சிரிக்காதீங்க. ஒண்ணு, அங்க மீட்டிங்ல நான் வாயத் தெறந்தா இங்கிலீஷ் தந்தியடிக்கும். இன்னொண்ணு, பெட்டி 23 கிலோவத் தாண்டி ஏர்போர்ட்ல தரையில உக்காந்து எல்லார் முன்னாடியும் ஊறுகா பாட்டில வெளிய எடுக்கணும். இதுக்காக பெட்டிய நாலு தடவ எடை போட்டேன். கடைசி வரில, சின்னதா, "அம்மாவுக்கு ராத்திரில ஏதாவது ஆனா?"ன்னு எழுதியிருந்தேன். அந்த ஒண்ணுக்காகத்தான் மத்த எல்லா பயமும்னு இப்பத் தோணுது.

சாப்பாட்டு சாமான் எத எடுத்துட்டு போலாம்?

பொடி வகை, புளி, பருப்பு, ஊறுகாலாம் எடுத்துட்டு போனேன், பிரச்சனை இல்ல. நெய், பால்கோவா, பன்னீர் மாதிரி பால் சாமானும், மாமிச வகையும் ஐரோப்பிய யூனியனுக்குள்ள வெளிநாட்டுலேர்ந்து கொண்டு போகக்கூடாது. அம்மா வெண்ணெ காய்ச்சி, முருங்கக்கீரை போட்டு எறக்கின நெய் ஒரு பாட்டில், அதத் திருப்பி அலமாரில வெக்கறப்ப அவங்க மொகத்தப் பாக்கவே முடியல. பச்ச கறிவேப்பிலையும் வேணாம், காய வெச்சு பொடியில சேத்துடுங்க. பவர் பேங்க் கைப்பையிலதான், பெட்டிக்குள்ள போடக்கூடாது. சாதாரண 20,000 எம்ஏஎச் பரவால்ல, அது பிளைட்ல விடற 100 வாட் அவர் அளவுக்குக் கம்மிதான். கரண்ட் அங்கயும் 230 வோல்ட், நம்ம ரெண்டு பின் சார்ஜர் பெரும்பாலும் சொருகிடும், மூணு பின்னுக்குத்தான் அடாப்டர் வேணும்.

பேப்பர் வேலை?

90 நாளுக்கு மேல வேலைன்னா சாதாரண ஷெங்கன் விசா (ஐரோப்பால பல நாட்டுக்கும் பொதுவான குறுகிய கால விசா) போதாது, ஜெர்மனியோட நேஷனல் விசா வேணும். அத ஆபீஸ்ல பாத்துப்பாங்க. நீங்க மறக்கக்கூடாதது ஒண்ணுதான், அங்க வீட்டுக்குக் குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி ஆபீஸ்ல அட்ரஸ் பதியணும், ஆன்மெல்டுங்னு பேரு, வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட பேப்பர் வேணும். அது இல்லாம மத்த வேலையெல்லாம் இழுபறிதான்.

கிளம்பற அன்னிக்கு எப்படித் தூங்கறது? ஜெட் லாக்?

தூங்க முடியாதுன்னு ஒத்துக்கிட்டதே எனக்கு நிம்மதியா இருந்துச்சு. பிளைட் நடுராத்திரிக்கு மேல, மத்தியானம் ரெண்டு மணி நேரம் படுத்தேன், அவ்ளோதான். ஃபிராங்க்ஃபர்ட் வரைக்கும் பத்து மணி நேரம் கிட்ட, அங்கேர்ந்து ஸ்டுட்கார்ட்டுக்கு ஏர்போர்ட்லயே ரயில், ஒண்ணேகால் மணி நேரம். கோடையில அங்க நம்மள விட மூணரை மணி நேரம் பின்னால, அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமைலேர்ந்து நாலரை. மேற்கப் பாத்துப் போறது உடம்புக்கு சுலபம், நாள் நீளுது அவ்ளோதான். மொத நாலஞ்சு நாள் விடிகாலை மூணு மணிக்கே பசியோட முழிப்பு வரும். நான் எழுந்து புளிக்காய்ச்சல் சாதம் சாப்ட்டுட்டு திரும்பப் படுத்தேன். பகல்ல வெளிய வெயில்ல நடங்க, சீக்கிரம் சரியாயிடும். திரும்பி வர்றப்பதான் கஷ்டம்.

அங்கயாவது நிம்மதியா, சத்தமில்லாம இருந்துச்சா?

சத்தமே இல்ல, அதான் பிரச்சனை! மொத வாரம் அந்த நிசப்தத்துல என் நெஞ்சு அடிக்கறது எனக்கே கேட்டுச்சு, போன்ல ஃபேன் சத்தம் போட்டுத்தான் தூங்கினேன். ராத்திரி பத்துலேர்ந்து ஆறு வரைக்கும் அமைதி நேரம், ரூஹெட்ஸைட்னு சொல்றாங்க, ஞாயித்துக்கிழமை பூரா அப்படித்தான். சுவத்துல டிரில் போடக்கூடாது, காலி பாட்டில குப்பைத் தொட்டில போடற சத்தம் கூட ஆகாது. சில பில்டிங்ல மத்தியானத் தூக்க நேரமும் உண்டு.

ரெண்டாவது ஞாயித்துக்கிழமை நான் ஆசையா இங்கேர்ந்து தூக்கிட்டு போன மிக்ஸில தேங்கா சட்னி அரைச்சேன். நம்ம மிக்ஸி சத்தம்தான் தெரியுமே. பெல் அடிச்சுது. கீழ் வீட்டு பாட்டி, எழுவது வயசிருக்கும், கோவமெல்லாம் இல்ல, மேல வெரலக் காட்டி, காத மூடிக் காட்டி, அப்புறம் கைய கன்னத்துல வெச்சு தூங்கற மாதிரி நடிச்சாங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, இங்க நான்தான் மாடி வீட்டு அக்கா. அன்னிக்கே மிக்ஸி அடியில துண்ட மடிச்சுப் போட்டேன், மறுநாள் ஒரு டப்பாவுல ரவா லட்டு. அடுத்த வாரம் அவங்களே வந்து ஒரு அட்டைய என் கதவுல மாட்டினாங்க, கேர்வோஹ, அந்த ஊர் வழக்கம், அந்த வாரம் மாடிப்படி கூட்டற முறை நம்மளுதுன்னு அர்த்தம். எனக்கு என்னமோ மெடல் குடுத்த மாதிரி இருந்துச்சு.

இவ்ளோ அமைதி பேசற ஊர்ல ஞாயித்துக்கிழமை காலைல சர்ச் மணி அடிச்சா நம்ம ஆடி ஸ்பீக்கர் தோத்துடும். டிசம்பர் 31 ராத்திரி பாக்கணும் நீங்க, ரோட்ல நின்னு அவங்க வெடிக்கற வெடிக்கு நம்ம தீபாவளி கால் தூசி.

அம்மா தனியா எப்படி இருந்தாங்க?

கிளம்பறதுக்கு மொத நாள் வீட்டு சாவி ஒண்ண மாடி வீட்டு அக்காகிட்ட குடுத்தேன். அந்தக் கொழுக்கட்டை டப்பா போகாம இருந்திருந்தா யாருகிட்ட குடுத்திருப்பேன்னு தெரியல. நான் அங்க ஏழு மணிக்கு வேல முடிச்சு போன் பண்ணா இங்க பத்தரை. சில நாள் அம்மா பேசறப்ப பின்னாலயே அந்த முனகல் கேக்கும். ஒன்பதரை எங்க போச்சுன்னு நான் கேக்கல. சத்தம் கேட்டா அக்கா வீட்ல இருக்காங்கன்னு அர்த்தம். அக்டோபர் மழையில ஒரு நாள் ராத்திரி பூரா கரண்ட் இல்ல, அக்கா எறங்கி வந்து அம்மா கூடவே படுத்திருக்காங்க. எனக்கு மறுநாள்தான் சொன்னாங்க.

இப்ப கிரைண்டர் எப்படி?

போன மாசம் அவங்களோடது பெல்ட் அறுந்துடுச்சு. பெல்ட் மாட்டி வர்ற வரைக்கும் ரெண்டு நாள் எங்க வீட்டு கிரைண்டர்லதான் அரைச்சாங்க, பத்து மணிக்கு, அவங்க சின்னவன் எங்க சோபாவுல தூங்கிட்டான், நான் பக்கத்துல நின்னு மாவத் தள்ளி விட்டேன். கல்ல எடுத்து வெக்கறப்ப கை வழுக்கி டொங்னு ஒண்ணு விழுந்துச்சு. ரெண்டு பேரும் அப்படியே நின்னு தரையப் பாத்தோம். கீழ் வீட்டு மாமா ஒண்ணும் சொல்லல.